வேகம் போதும், கொஞ்சம் அமைதியும் வாங்குவோமே!

புதுசா கணினி கட்டப் போறேன்னு சொன்னா, நம்ம மக்கள் கேக்கறது ரெண்டே கேள்விதான். என்ன பிராசசர்? என்ன கிராஃபிக்ஸ் கார்டு? எவ்வளவு சத்தம் போடும்னு ஒருத்தரும் கேக்கறதில்லை. மிக்ஸி வாங்கும்போது கூட கேக்கறோமய்யா! அரைக்கற அஞ்சு நிமிஷத்துக்கே அவ்வளவு கவலைன்னா, ராத்திரி பகலா ஓடற கணினிக்கு ஏன் இல்லை?

ஊர்ல இருந்தவரைக்கும் எனக்கும் இது ஒரு விஷயமா தெரிஞ்சதில்லை. தலைக்கு மேல ஃபேன், தெருவுல ஆட்டோ, பக்கத்து வீட்டு சீரியல். அதுல கணினி சத்தம் எங்க காதுல விழும்? இங்க ஜெர்மனியில கதை வேற. குளிர்காலத்துல ரெட்டைக் கண்ணாடி ஜன்னலைச் சாத்திட்டா அறை கிணறு மாதிரி ஆயிடும். போதாததுக்கு ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 வரைக்கும் 'நாஹ்ட்ரூஹே', அதாவது ஊரடங்கின நேரம். நான் ஆய்வுக்கட்டுரையோட மல்லுக்கட்டறதும் அந்த நேரத்துலதான். அறைத்தோழர் விடியக்காலை ஷிஃப்டுக்குப் போகணும்.

"ஹெட்ஃபோன் மாட்டிக்க வேண்டியதுதானே" என்பார்கள். மாட்டிக்கலாம். என் காது தப்பிச்சுடும். பக்கத்துக் கட்டில்ல தூங்கறவர் காது? படுக்கையறைக்குள்ள ராத்திரி சத்தம் சராசரி 30 டெசிபெலைத் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 1999லேயே பரிந்துரை செஞ்சிருக்கு. அது மெல்லக் கிசுகிசுக்கற அளவு. கணினிச் சத்தம் நம்ம சொந்த விஷயம் இல்லை, கூட இருக்கறவரோட தூக்கம்.

சரி, இதுக்கு நிறைய செலவாகுமா? அதுதான் இல்லை. கணக்கு ரொம்ப எளிது. ஒரு ஃபேனோட வேகத்தைப் பாதியாக்கினா சத்தம் சுமார் 15 டெசிபெல் இறங்கும். 10 டெசிபெல் இறங்கினாலே காதுக்குப் பாதியாத்தான் கேக்கும். அந்தப் பாதி வேகத்துல ரெண்டு ஃபேன் ஓட்டுங்க. காத்து கிட்டத்தட்ட பழைய அளவே வரும், ரெண்டுன்றதால கூடற சத்தம் 3 டெசிபெல்தான். ஆக, மொத்தத்துல 12 டெசிபெல் லாபம். சின்ன ஃபேன் அலறிச் செய்யற வேலையை 120, 140 மில்லிமீட்டர் ஃபேன் அலட்டிக்காம செய்யறதும் இதனாலதான்.

என் சிபாரிசு இவ்வளவுதான். 65 வாட் வகை பிராசசர். அதுக்கு மேல நல்ல உயரமான ஹீட்சிங்க், பெரிய ஃபேனோட. விளையாட்டுப் பைத்தியம் இல்லைன்னா தனி கிராஃபிக்ஸ் கார்டே வேணாம். சுமை குறைஞ்சா தன் ஃபேனை நிறுத்திக்கற பவர் சப்ளை. ஹார்ட் டிஸ்குக்குப் பதிலா எஸ்எஸ்டி. நிமிஷத்துக்கு 7200 சுத்துன்னா நொடிக்கு 120. அந்த 'ங்ங்ங்' ரீங்காரம் பெட்டி, மேஜை எல்லாத்துலயும் இறங்கும். ஹார்ட் டிஸ்க் வேணும்தான்னா ரப்பர் வாஷர் போட்டு மாட்டுங்க.

கடைசியா காசே இல்லாத வேலை ஒண்ணு. பயாஸ்ல போய் ஃபேன் வேகத்தை நிதானமா ஏறி இறங்கற மாதிரி வைங்க. ஒரே சீரான சத்தத்தைக் காது மறந்துடும். பிரவுசர் திறக்கும்போதெல்லாம் 'உய்ய்ய்'ன்னு எகிறி அடங்கற சத்தத்தை மறக்கவே மறக்காது.

தண்ணிக் குளிர்ச்சிதான் அமைதின்னு ஒரு நம்பிக்கை உலவுது. தண்ணியைத் தள்ள பம்பு வேணும், சூட்டை வெளியேத்த அங்கயும் ஃபேன்தான். சாதாரணக் கணினிக்கு அது அலங்காரம். பெட்டியைச் சுத்தி பஞ்சு ஒட்டறதும் அப்படித்தான். காத்து வர்ற வழியை அடைச்சா சூடு ஏறும், சூடு ஏறினா ஃபேன் கத்தும்.

ஒண்ணு மட்டும் நினைவிருக்கட்டும். இங்க என் அறை 20 டிகிரி. சென்னையில 35ன்னா, அந்த 15 டிகிரி வித்தியாசம் அப்படியே பிராசசர் தலையில உக்காரும். அதனால ஊர்ல இருக்கறவங்க இன்னும் பெரிய ஹீட்சிங்கா பாருங்க.

2004ல வந்த பென்டியம் 4 வகைகள்ல சிலது 100 வாட்டைத் தாண்டி கொதிச்சுது. 2023ல வந்த இன்டெல் என்100க்கு 6 வாட் கணக்கு. அதை வெச்சு ஃபேனே இல்லாத கணினிகள் விக்கறாங்க. கட்டுரை எழுத, படம் பாக்க, அம்மாகிட்ட வீடியோவுல பேச அது தாராளம். கருவி எல்லாம் தயாராத்தான் இருக்கு மக்களே. நாமதான் கடையில போய், "இது எவ்வளவு சத்தம் போடும்?"னு கேக்க ஆரம்பிக்கணும்.