நாகரத்தினமும் நம் ஈமானும்

நாகம் இரவில் மாணிக்கத்தை உமிழ்ந்து, அவ்வொளியில் இரை தேடுமாம். குரங்கணி ஏலமலைச் சரிவிலும் இக்கதை உலவுகிறது. கதையாக நிற்கும்வரை கேடில்லை. அதை நம்பித் தோட்டக்கூலியைக் கண்ணாடிக் கல்லுக்குக் கொட்டுவதே கேடு.

பாம்பின் தலையில் நஞ்சுண்டு; மணியில்லை. மரகதம் கண்டால் பாம்பு குருடாகும் என்றனர் முன்னோர். அறிஞர் அல்பீரூனி (973–1048) மரகத மாலையையே பாம்புக்குப் பூட்டி, 9 மாதங்கள் சோதித்தார், பார்வை கெடவில்லை.

பெருமானார் (ஸல்) மோதிரம் அணிந்தார்களே என்பீர்களா? அது மடல்களுக்கு முத்திரையிட, அதிர்ஷ்டத்துக்கன்று. ஹஜருல் அஸ்வதையே, நலமும் தீங்கும் செய்யாக் கல் என்று கூறி, நபிவழிக்காகவே உமர் (ரலி) முத்தமிட்டார்கள். அதற்கில்லாத ஆற்றல் கடைக்கல்லுக்கு ஏது? கல்லை அழகுக்கு அணியுங்கள்; ரிஸ்கை அல்லாஹ்விடமே கேளுங்கள்.