காக்கையின் கழுத்து

காக்கை என்ன நிறம் என்று கேட்டால் யோசிக்காமல் கறுப்பு என்பீர்கள். நானும் அப்படித்தான் சொன்னேன். சொன்னதோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள், பழைய டைரித் தாளில், தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அளவில் ஒரு காக்கையைப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். தலை கறுப்பு, இறக்கை கறுப்பு. கழுத்தை மட்டும் வெளிறலாக விட்டிருந்தாள். நான் ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன், சட்டையைக்கூட மாற்றவில்லை. "கழுத்தை அப்படியே விட்டுட்டியேம்மா, காக்கா கறுப்புதானே?" என்று பென்சிலை அவள் கையிலிருந்து வாங்கி, நானே அழுத்தித் தேய்த்து நிரப்பினேன். நேர்த்தியாகவே நிரப்பினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. டைரியை மூடி வைத்துவிட்டு டி.வி. பக்கம் போய்விட்டாள்.

அடுத்து வந்த அமாவாசையன்று மாடிக் கைப்பிடிச் சுவரில் இலைத் துண்டில் சோறு வைத்துக் கூப்பிட்டேன். வந்து உட்கார்ந்த காக்கையின் கழுத்தும் மார்பும் நல்ல சாம்பல் நிறம். முழுக்கக் கறுப்பாக இருப்பது அண்டங்காக்கை. நம் மாடிக்கு வந்து சோறு தின்பது பெரும்பாலும் இந்தச் சாம்பல் கழுத்துக்காரன். அப்பா போனதிலிருந்து பதினோரு வருடமாக மாதம் தவறாமல் சோறு வைக்கிறேன். முன்னோர் வந்திருக்கிறார்கள் என்று கும்பிட்டேனே தவிர, வந்தவர் கழுத்து என்ன நிறம் என்று ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எட்டு வயதுப் பெண் பார்த்திருக்கிறாள். அதன்மேல் கறுப்பைத் தேய்த்தவன் நான்.

இந்த லட்சணத்தில்தான் நாம் பிள்ளைகளுக்கு வரையக் கற்றுக்கொடுக்கிறோம். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். கோபம் வந்தாலும் சரி, கொஞ்சம் கேளுங்கள்.

ஓவியப் போட்டி நடக்கும் கல்யாண மண்டபத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். நாம் தண்ணீர் பாட்டிலோடு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று, "சூரியன், சூரியன்!" என்று கையைக் காட்டிக்கொண்டிருப்போம். இரண்டு முக்கோண மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, வளைந்த தென்னை, வானத்தில் நாலு வளைகோட்டுப் பறவைகள். வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் அதே மலை. விலங்கு வேண்டுமென்றால் கேரட் தின்னும் முயல். அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் முயலைப் பார்த்திருக்காது. ஜன்னலில் தினமும் வந்து கத்தும் அணிலை வரைந்தால் பரிசு வராதாம்.

வீட்டிலும் இதே கதைதான். 2 போட்டு மூக்கும் வாலும் ஒட்டினால் வாத்து. வாத்தைப் பார்க்கவே வேண்டாம், எண் தெரிந்தால் போதும். இதைப் போய் மூன்று வயதுக் குழந்தைக்குப் பெருமையாகக் கற்றுத் தருகிறோம். பிறகு அறுபது கலர் பெட்டி. வரைந்து முடிப்பதற்குள் போட்டோ, போட்டோ எடுப்பதற்குள் ஸ்டேட்டஸ். மேல் வகுப்புக்குப் போனால் ரெக்கார்டு நோட்டில் கரப்பான்பூச்சியை அம்மா வரைந்து தருகிறார். படம் வரைந்து பாகங்களைக் குறி என்று கேள்வித்தாள் கேட்கும்போது, பாகங்கள் மட்டும்தான் பிள்ளையுடையவை.

நம் பிள்ளையிடம் ஓர் எறும்பு வரையச் சொல்லிப் பாருங்கள். மூன்று உருண்டை போட்டு, உருண்டைக்கு இரண்டு காலாக ரேஷன் மாதிரி பிரித்துக் கொடுத்துவிடும். அப்புறம் நீங்களும் ஒன்று வரையுங்கள். நீங்களும் அதையே செய்வீர்கள். எறும்பின் ஆறு காலும் நடு உருண்டையிலிருந்துதான் புறப்படுகின்றன. பின்னால் இருக்கும் பெரிய உருண்டைக்குக் காலே கிடையாது. சர்க்கரை டப்பாவைத் தினமும் அதனிடமிருந்து காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம், இது தெரியவில்லை.

பார்க்காமல் வரைந்தால் மேதைக்கும் தப்பும். 1514-ல் குஜராத் சுல்தான் போர்த்துக்கீசியர்களுக்கு ஒரு காண்டாமிருகத்தைக் கொடுத்தார். அது கோவாவிலிருந்து கப்பலேறி 1515-ல் லிஸ்பன் போய்ச் சேர்ந்தது. ஜெர்மனியில் நூரம்பெர்க் ஊரில் இருந்த ஆல்பிரெக்ட் டூரர் அதைப் பார்க்கவே இல்லை. யாரோ எழுதி அனுப்பிய வருணனையையும் ஒரு கோட்டுப் படத்தையும் வைத்துக்கொண்டு வரைந்து, மரச்செதுக்கில் அச்சிட்டார். போர்வீரன் கவசம் போலத் தகடு தகடாகத் தோல், கால்களில் செதில், போதாததற்குத் தோள்பட்டைமேல் இன்னொரு குட்டிக் கொம்பு! ஐரோப்பா அதையே நிஜமென்று இருநூறு வருடத்துக்கு மேல் நம்பியது. அதே மனிதர் அதற்குப் பதின்மூன்று வருடம் முன்னால், 1502-ல், ஒரு முயலைப் பார்த்து வரைந்தார். அது நீர்வண்ணம். இன்று நாம் சீவுகிற மாதிரிப் பென்சில் அப்போது கிடையாது. ஆனால் ஒவ்வொரு மயிரும் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். முயலின் கண்ணில் ஜன்னலின் நிழல்கூட விழுந்திருக்கிறது. இரண்டும் ஒரே கைதான். ஒன்றுக்கு முயல் முன்னால் இருந்தது, இன்னொன்றுக்குக் கடுதாசி.

நம் பிள்ளைகளுக்கு நாம் கொடுப்பதெல்லாம் கடுதாசி.

பீட்டர் ராபிட் கதைப் புத்தகத்தை ஆங்கிலப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பலர் வைத்திருப்பார்கள். அதை எழுதி, வரைந்த பியாட்ரிக்ஸ் பாட்டர் 1866-ல் லண்டனில் வசதியான வீட்டில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை, வீட்டிலேயே பாடம். அக்காவும் தம்பியுமாகப் பாட அறையில் முயல், எலி, பல்லி, தவளை, முள்ளெலி, வௌவால் எல்லாம் வளர்த்தார்கள். எட்டு ஒன்பது வயதில் அவர் கம்பளிப்புழுக்களை வரைந்து பக்கத்தில் குறிப்பு எழுதிவைத்த நோட்டு இன்றும் இருக்கிறது. செத்த பிராணிகளை வேகவைத்து எலும்புக்கூட்டைப் பிரித்தெடுத்துக்கூட வரைந்தார்கள். நம் வீட்டுச் சமையலறையில் நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கிறேன். நானே அடித்திருப்பேன். 1902-ல் அந்த முயல் கதை வெளிவந்தபோது முயலுக்கு நீலச் சட்டை போட்டிருந்தார். சட்டைக்குள் இருந்தது நிஜ முயல். காது எங்கே மடங்கும், உட்கார்ந்தால் பின்னங்கால் எப்படித் துருத்தும் என்பதெல்லாம் வளர்த்து, பார்த்து, திரும்பத் திரும்ப வரைந்து வந்தது. புத்தகத்தையும் குழந்தையின் கைக்கு அடங்கும் சின்ன அளவில்தான் போட்டார்கள்.

நமக்கும் ஒருவர் இருந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன். 1950-லிருந்து 1996-ல் கண்மூடும்வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் இயற்கையைப் பற்றிப் பத்தி எழுதியவர். யானையைப் பற்றி எழுதியவர்தான், ஆனால் வீட்டுப் பக்கத்துக் காக்கை, அணில், பல்லிக்கும் அதே மரியாதை கொடுத்தார். தானே படமும் வரைந்தார். தமிழிலும் எழுதியிருக்கிறார். பிள்ளைக்கு அவரைப் படித்துக் காட்டுங்கள் என்று சொல்ல வந்தேன். முதலில் நாம் படிப்போம்.

சரி, என்ன வேண்டும்? பெரிதாக ஒன்றும் வேண்டாம். சார்ட் பேப்பரைத் தூக்கிப் பரண்மேல் போடுங்கள். அவ்வளவு பெரிய வெள்ளையைக் கண்டால் பிள்ளைக்கு நிரப்ப வேண்டுமே என்ற கவலைதான் வரும், மலையும் சூரியனும் அங்கேதான் பிறக்கின்றன. உள்ளங்கை அளவுத் தாள் போதும். வீட்டில் குவிந்துகிடக்கும் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கம் மழமழப்பாக, கெட்டியாக இருக்கும். பென்சிலுக்கு அதைவிட என்ன வேண்டும்? அரைமணி நேரத்தில் ஒரு முகமோ ஒரு காலோ வந்துவிடும். வராவிட்டாலும் நஷ்டம் இல்லை, அடுத்த பத்திரிகை இருக்கிறது.

பென்சில் இரண்டு. ஒரு ஹெச்பி, ஒரு 4பி. பத்துப் பன்னிரண்டு அடங்கிய டப்பாவை வாங்கி அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். 1795-ல் பிரான்சில் கான்டே என்பவர், சண்டையால் இங்கிலாந்துக் கிராபைட் வராமல் போனபோது, கிராபைட் பொடியோடு களிமண் பிசைந்து சுட்டெடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். களிமண் கூடினால் பென்சில் கெட்டி, கோடு மெலிசு, அது ஹெச் பக்கம். குறைந்தால் மெத்து, கறுப்பு, அது பி பக்கம். பிள்ளைக்கு இதைச் சொன்னால் புரியும். கூர் மட்டும் முக்கியம். சின்னப் படத்துக்கு மொக்கைப் பென்சில் ஆகாது. சீவித் தருவது நம் வேலையாக இருக்கட்டும். படத்தில் கை வைப்பதற்குப் பதில் அதைச் செய்யலாம்.

அணிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஹெச்பியால் மிக லேசாக, ஊதினால் பறந்துவிடும்போல உடம்பின் சாய்வை மட்டும் போட வேண்டும். பிறகு மயிர். நெற்றியிலிருந்து பின்னோக்கி, தோளில் கீழ்நோக்கி, தொடையில் வளைந்து என்று ஒவ்வோர் இடத்திலும் அது ஒரு திசையில் படிந்திருக்கும். அந்தத் திசையிலேயே குட்டிக் குட்டிக் கோடு. விரலால் தேய்த்து மழுப்பினால் அணில் நனைந்த துணியாகிவிடும். கையடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொண்டால் படம் அழுக்காகாது. முன்பாதத்தில் நாலு விரல், பின்பாதத்தில் ஐந்து. எண்ணிப் பார்க்கட்டும், நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம். கண் முழுக் கறுப்பு, 4பிக்கு அங்கேதான் வேலை. அதில் ஊசிமுனை அளவு வெள்ளை விட்டால் உயிர் வந்துவிடும்.

முதுகில் மூன்று கோடு இருக்கிறதே, ராமர் தடவியது என்று நாம் கதை சொல்லும் அந்த வெள்ளைக் கோடு, அதைப் பென்சிலால் எப்படிப் போடுவீர்கள்? போடவே முடியாது. இரண்டு பக்கமும் இருட்டிக்கொண்டே வந்து, நடுவில் தாளை அப்படியே விட வேண்டும். விடத் தெரிந்தால்தான் அணில். ரப்பரால் அழித்து வெள்ளையாக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள் முயன்றும் பார்த்தேன். சாம்பல் திட்டுதான் கிடைத்தது.

விலங்கு அசையும், ஓடிவிடும், உண்மைதான். அதற்காகக் கூகுளில் படம் தேடிக் கொடுக்காதீர்கள். ஒரே தாளில் பாதித் தலை, தனியாக ஒரு வால், இரண்டு கால் என்று கிடக்கட்டும். அதே மாதிரி மறுபடி உட்காரும்போது விட்ட இடத்திலிருந்து தொடரலாம். டீக்கடை வாசலில் தூங்கும் நாய் நல்ல ஆள். அசைபோடும் ஆடு அதைவிட நல்ல ஆள். அதன் கண்ணின் பாப்பா படுக்கைவாட்டில் நீளமாக இருப்பதைப் பிள்ளை உங்களிடம் ஓடிவந்து சொல்லும்போது, தயவுசெய்து போனிலிருந்து தலையை நிமிர்த்துங்கள்.

இன்னும் இரண்டு விஷயத்தை நிறுத்த வேண்டும். ஒன்று, "என்ன இது, எலியா?" இன்னொன்று, "முடிச்சிட்டியா?" முதலாவதைவிட இரண்டாவது மோசம். முடிக்கத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

இதனால் என்ன பிரயோஜனம், மார்க் வருமா என்று கேட்பீர்கள் என்று தெரியும். என் மனைவியே கேட்டாள். நீட் தேர்வுக்கு உதவும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே அணில் ஓவியத்துக்குக் கோச்சிங் சென்டர் வந்துவிடும், நாமும் வரிசையில் நிற்போம். அதனால் சொல்ல மாட்டேன்.

காக்கை விஷயத்தில் மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லப்பா" என்றாள், பெரிய மனுஷி மாதிரி. ஆனால் அதற்குப் பிறகு காக்கையை அவள் வரையவில்லை. இப்போது ஹாலில் டியூப்லைட் பக்கத்தில் வரும் பல்லியைப் பிடித்திருக்கிறாள். நாலு நாளாக ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் தலை, முதுகு, ஒரு முன்னங்கால் வரைக்கும் வந்திருக்கிறது. அந்தக் காலின் ஐந்து விரலிலும் நுனி அகலம், அடியில் வரிவரியாகப் போட்டிருக்கிறாள். மீதிக் காலுக்குப் பதிலாக "நாளைக்கு" என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. சாயங்காலம் ஆறு மணிக்கே டியூப்லைட்டைப் போடச் சொல்கிறாள். பூச்சி வந்தால்தானே பல்லி வரும் என்கிறாள். கொசு வருகிறது என்று பாட்டி ஜன்னலைச் சாத்தப் போனால் சண்டை.