வெள்ளைக்கோட்டின் மேல் நடப்பவர்கள்

தமிழ்நாட்டில் நெடுந்தூர நடைவழி என்று ஒன்று கிடையாது என்று சொல்லிச் சொல்லியே நம்ப வைத்துவிட்டோம். அமெரிக்காவில் அப்பலாச்சியன் ட்ரெயில் இருக்கு, ஸ்பெயினில் கமினோ இருக்கு, ஜப்பானில் ஷிகோகு தீவைச் சுற்றி 88 கோயில் வழி இருக்கு, நம்மகிட்ட என்ன இருக்கு, குப்பையும் உடைந்த பாட்டிலும்தானே என்று ஒரு சலிப்பு. ரீல்ஸில் இதைக் கேட்டால் விட்டுவிடலாம். நன்றாக வாசிக்கிறவர்கள், சங்கப் பாடலை வாட்ஸப் ஸ்டேட்டஸாக வைக்கிறவர்கள் வாயிலிருந்தும் இதேதான் வருகிறது. நம்மிடம் வழி இருக்கிறது. லட்சக்கணக்கான பேர் அதில் நடக்கவும் செய்கிறார்கள். அவர்கள் ட்ரெக்கிங் ஷூ போடாததால் நம் கணக்கில் வரவில்லை, அவ்வளவுதான்.

செஞ்சியை எடுத்துக்கொள்கிறேன். திண்டிவனத்திலிருந்து மேற்கே சுமார் 28 கிலோமீட்டரில் செஞ்சி. அங்கிருந்து திருவண்ணாமலை 40க்குக் கொஞ்சம் குறைவு. கார்த்திகை தீபத்துக்கு முந்தைய நாட்களில் இந்தச் சாலையில் இரவு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? ஹெட்லைட் வெளிச்சத்தில் முதலில் தெரிவது கால்கள்தான். வெறுங்கால். சாலையோர மண்ணில் ஜல்லியும் முள்ளும் குத்துவதால், தார் விளிம்பில் போட்ட வெள்ளைக்கோட்டின் மேலேயே வரிசையாக நடந்து போவார்கள். தலையில் ஒரு பை, கையில் ஒரு பாட்டில் தண்ணீர். எதிரே மணல் லாரி வந்தால் ஒரு எட்டு கீழே இறங்கி, போனதும் மறுபடி கோட்டின் மேல். இரண்டு பகல் ஒரு இரவு நடக்கிறவர்களும் உண்டு, செஞ்சியில் சேர்ந்துகொண்டு ஒரே நாளில் போய்ச் சேர்கிறவர்களும் உண்டு. உலகத்தில் வேறெங்கு நடந்தாலும் இதற்குப் பெயர் ‘செக்‌ஷன் ஹைக்’. இங்கே இதற்குப் பெயர் ‘கூட்டம்’. போலீஸுக்குப் போக்குவரத்துப் பிரச்சினை, நமக்கு ‘பக்திக் கும்பல்’.

அதே சாலையில் சனிக்கிழமை காலை சென்னையிலிருந்து மூன்று மணி நேரம் கார் ஓட்டி வருகிறோம். ராஜகிரி 240 மீட்டர் உயரம். மூச்சு வாங்க ஏறி, உச்சிக்குப் போகும் அந்தப் பள்ளத்தின் மேலுள்ள பாலத்தில் நின்று ஒரு வீடியோ. இறங்கி பிரியாணி. மதியத்துக்கு மேல் வண்டியைத் திருப்பிவிட்டு ‘செஞ்சி ட்ரெக் முடிச்சாச்சு’. கிருஷ்ணகிரிக்குப் பாதிப் பேர் போவதில்லை. மூன்றாவது குன்றான சந்திராயன் துர்க்கத்தின் பெயரே பலருக்குத் தெரியாது. முள்ளும் புதரும் மூடிக் கிடக்கிறது. மூன்று குன்றையும் வளைத்துக் கட்டிய மதிலின் சுற்றளவு சுமார் 13 கிலோமீட்டர், அண்ணாமலை கிரிவலப் பாதையைவிட ஒரே ஒரு கிலோமீட்டர் குறைவு. ஒரு முழு நாள் நடைக்கு அளந்து வைத்ததுபோல. நாமோ அதில் ஒரு படிக்கட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஆட்டுக்காரர்களுக்கு விட்டுவிட்டோம்.

இந்த வழியின் வயது என்ன என்று யோசித்திருக்கிறோமா? பத்துப்பாட்டில் இரண்டு ஆற்றுப்படைகளை வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். சிறுபாணாற்றுப்படையின் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவன் ஊரான கிடங்கில் இன்றைய திண்டிவனத்தோடு ஒட்டிக் கிடக்கிறது. பாணன் கடற்கரை எயிற்பட்டினத்திலிருந்து, அதாவது மரக்காணம் பக்கத்திலிருந்து, வேலூர், ஆமூர் என்று ஊர் ஊராக நடந்து வருகிறான். நத்தத்தனார் ஒவ்வொரு நிறுத்தத்திலும் சாப்பாடு சொல்கிறார்: கரையில் சுட்ட மீன், வேலூரில் புளி சேர்த்த சூடான சோறு, ஆமூரில் நண்டுக் கலவையோடு வெள்ளைச் சோறு. (இன்றைய ட்ராவல் விளாகர்கள் இதைத்தான் செய்கிறார்கள், கொஞ்சம் மோசமாக.) மேற்கே போனால் மலைபடுகடாம். அதன் தலைவன் நன்னன், ஊர் செங்கம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை வழியாக நேராகச் செங்கத்துக்குப் போகிறது தேசிய நெடுஞ்சாலை 77. ஒரு ஆற்றுப்படை முடிகிற ஊரிலிருந்து இன்னொரு ஆற்றுப்படை முடிகிற ஊருக்கு ஒரு சாலை! நடுவில் செஞ்சி. சங்ககாலத்தில் இதே தடத்தில்தான் போனார்கள் என்று நான் சத்தியம் செய்யவில்லை. நடக்கிறவனுக்கு வழி சொல்வதையே ஒரு இலக்கிய வகையாக வைத்திருந்த மொழி, அப்படிப்பட்ட இரண்டு நூல்களை இந்த 100 கிலோமீட்டருக்குள் விட்டுப் போயிருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

மலைபடுகடாமை அழகியலுக்காக மட்டும் படிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அது ஒரு நடைவழிக் கையேடு. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காக்கிறவன் எறியும் கவண்கல்லுக்கு எப்படித் தப்புவது, பாம்புப் புற்று, பாசி வழுக்கும் பாறை, எல்லாம் வருகிறது. எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பாதை பிரிகிற சந்தியில் வழி தெரியாமல் போனால், சரியான வழியைக் கண்டுபிடித்தபின் அங்கே புல்லை முடிந்து வைத்துவிட்டுப் போங்கள், பின்னால் வருகிறவர்களுக்கு உதவும் என்கிறார் பெருங்கௌசிகனார். தர்மபுரிப் பக்கம் கிடைத்த அதியமான் பெருவழிக் கல்லைப் பாருங்கள். நாவல்தாவளம் 29 காதம் என்று எழுத்தில் இருக்கிறது. கூடவே படிக்கத் தெரியாதவர்களுக்காக இரண்டு பெரிய குழி, ஒன்பது சிறிய குழி. பத்துக்கு ஒரு பெரிய குழி, ஒன்றுக்கு ஒரு சிறிய குழி. அந்தக் கல்லை வெட்டச் சொன்னவர், அந்த வழியில் யார் நடக்கிறார்கள் என்று தெரிந்தவர். இன்று கார்த்திகைக்கு நடக்கிறவருக்கு அரசு தருவது என்ன? பையின் முதுகில் ஒட்ட ஒரு ஒளிரும் ஸ்டிக்கர். அதுவும் லாரிக்காரர் பார்க்க.

கமினோவின் மஞ்சள் அம்பைப் பார்த்து உருகுகிறவர்கள் அதன் கதையையும் தெரிந்துகொள்ளலாம். 1980களில் எலியாஸ் வலிஞா என்ற கிராமத்துப் பாதிரியார் ஒரு பெயின்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்ட அம்புகள் அவை. சாலைப் பணியில் மிச்சமான பெயின்ட் என்பார்கள். கிட்டத்தட்ட ஆளற்றுப் போயிருந்த வழி அது. 1993இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது, 2024இல் ஏறக்குறைய 5 லட்சம் பேர் சாந்தியாகோவில் சான்றிதழ் வாங்கினார்கள். அதை வாங்க முழு வழியும் நடக்கத் தேவையில்லை, கடைசி 100 கிலோமீட்டர் போதும். அப்பலாச்சியன் ட்ரெயிலும் அப்படித்தான். 3,500 கிலோமீட்டரையும் ஒரே மூச்சில் நடக்கச் சில ஆயிரம் பேர் ஆண்டுதோறும் கிளம்புகிறார்கள், முடிப்பவர்கள் அதில் சிறு பகுதி. அந்த வழியில் கால் வைக்கும் சுமார் 30 லட்சம் பேரில் மிகப் பெரும்பாலானவர்கள் காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிறவர்கள். 1921இல் அதை முன்மொழிந்த பெண்டன் மக்காயின் மனதில் இருந்ததும் சாகசக்காரர்கள் இல்லை, நகரத்தில் வேலை செய்து களைத்தவர்கள்தான். ஆகவே ‘ஒரு நாள் நடந்தா அது ட்ரெக்கா?’ என்று உதட்டைப் பிதுக்குகிற நண்பருக்கு: ஆமாம், அதுதான் ட்ரெக். மிச்சமெல்லாம் லீவு கிடைக்கிறவர்களின் பொழுதுபோக்கு.

அரசிடம் வருவோம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பின் காட்டுக்குள் நடக்க விதிகள் வந்தன. வர வேண்டியதுதான். 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ வந்தது. 14 மாவட்டங்களில் 40 வழிகள், ஆன்லைனில் பதிவு, சில நூறிலிருந்து சில ஆயிரம் வரை கட்டணம். வழிகாட்டிகளாக மலைக்கிராம இளைஞர்களுக்கு வேலை கிடைக்கிறது. அதைக் குறை சொல்ல மாட்டேன். நடை என்றால் காடு, காடு என்றால் டிக்கெட், டிக்கெட் என்றால் நகரத்துப் பையன் என்று ஒரு சங்கிலி அதோடு மனதில் விழுந்துவிடுகிறதே, அதுதான் பிரச்சினை. சமவெளியில், ஏரிக்கரையில், கரும்புக்கும் மணிலாவுக்கும் நடுவே நடப்பதை யாரும் நடையாகவே பார்ப்பதில்லை. செஞ்சி வழியில் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையது, கோட்டை தொல்லியல் துறையுடையது, ஏரிக்கரை நீர்வளத் துறையுடையது, கோயில் அறநிலையத் துறையுடையது, நடுவில் விழுப்புரம் முடிந்து திருவண்ணாமலை மாவட்டம் தொடங்குகிறது. இத்தனை பேருடைய வழி யாருடையதும் இல்லை.

முடியாத காரியம் என்று சொல்லிவிடவும் முடியாது. பழனி சாலையில் பாதயாத்திரை போகிறவர்களுக்கென்றே தனி நடைபாதை போட்டிருக்கிறார்களே. காரைக்குடி நகரத்தார்கள் பல தலைமுறைகளாகக் காவடியோடு நடந்து நடந்து அரசின் கண்ணில் அந்த வழியை ஆழப் பதித்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் நடைபாதை அரசியல் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் உரிமைக்குள் வருகிறது என்று சொல்லிவிட்டது. செஞ்சிக்காரர்களுக்கு வேறு உயிரா?

2025 ஜூலையில் செஞ்சி உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ‘மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்’ என்ற தலைப்பில் 12 கோட்டைகள். மகாராஷ்டிரத்துக்கு வெளியே இது ஒன்றுதான். உடனே இணையத்தில் சண்டை. கோன் கட்டினாரா, நாயக்கர் கட்டினாரா, சிவாஜி 1677இல் பிடித்ததற்காக மராட்டியக் கோட்டை ஆகிவிடுமா, தேசிங்கு எங்கே? நியாயமான கேள்விகள்தான், நானும் சண்டை போட்டேன். அந்தச் சண்டையில் யாரும் சொல்லாத ஒன்று உண்டு. 1689இல் சிவாஜியின் மகன் ராஜாராம் முகலாயப் படையிடமிருந்து தப்பி, தக்காணத்தைக் கடந்து, இந்தச் செஞ்சிக்கு வந்து சேர்ந்தது யாத்திரிகர் வேடத்தில். அரசனாகவோ படைத் தலைவனாகவோ வந்திருந்தால் பிடிபட்டிருப்பார். எந்த ஆட்சியிலும் கேள்வி கேட்காமல் வழிவிடப்பட்டவர்கள் நடந்து போகிற யாத்திரிகர்கள்தான் என்பதால் அந்த வேடம். ஔரங்கசீப்பின் ஆட்கள் கொடுத்த மரியாதையை நம் நெடுஞ்சாலை கொடுப்பதில்லை.

நண்பர்கள் சிலர் இங்கே ஒரு மாற்று சொல்வார்கள்: சாலையே வேண்டாம், பழைய வண்டிப்பாதைகளைச் சேர்த்து ஊர்களுக்குள்ளாக ஒரு வழி போடலாம். நல்ல யோசனை. வருவாய்த் துறையின் புலப்படங்களில் வண்டிப்பாதைகள் இன்னமும் கோடாக இருக்கின்றன. தரையில் பல இடங்களில் இல்லை. ஆனால் ஊருக்குள் நடப்பது சாலையில் நடப்பதுபோல் எளிது என்று நினைக்காதீர்கள். வட மாவட்டங்களில் ஊர் வேறு, காலனி வேறு. எந்தத் தெருவில் யார் செருப்போடு போகலாம் என்பதற்கு எழுதாத வரைபடம் ஒன்று இருந்தது. பல இடங்களில் இன்னும் முழுசாக அழியவில்லை. நடக்கும் உரிமை என்றதும் 1932இல் இங்கிலாந்துத் தொழிலாளிகள் கிண்டர் ஸ்கௌட் மேட்டில் அத்துமீறி ஏறியதை மேற்கோள் காட்டுகிறோம். அதற்கு எட்டு வருடம் முன்னால், 1924இல், கோயிலைச் சுற்றிய தெருவில் நடப்பதற்காகவே வைக்கத்தில் போராட்டம் தொடங்கி, பெரியார் அதற்காகச் சிறைக்குப் போனாரே, அது என்ன? நம் நவீன வரலாற்றின் பெரிய நடைப் போராட்டம் அதுதான். செஞ்சி வழி என்று ஒன்று போட்டால், அது ஊர்த்தெரு வழியாக மட்டும் போய்க் காலனியைச் சுற்றி வளைத்து ஒதுங்கக் கூடாது. இரண்டின் வழியாகவும் போக வேண்டும், இரண்டிலும் டீக்கடை இருக்க வேண்டும். இதில் பேரம் கிடையாது.

சமணர்களையும் மறக்க முடியாது. செஞ்சிக்கு வடக்கே சிறிது தூரத்தில் திருநாதர்குன்று. பாறையில் இரண்டு வரிசையாக 24 தீர்த்தங்கரர்கள். 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற ஆசிரியரின் கல்வெட்டு அங்கேதான் இருக்கிறது. வாகனத்தில் ஏறாமல் கால்நடையாகவே திரிந்த துறவிகளின் இடத்துக்கு, நாம் பைக்கை எங்கே நிறுத்தலாம் என்று கேட்டுக்கொண்டு போகிறோம். மதுரையில் 2010 முதல் அ. முத்துகிருஷ்ணன் ஒருங்கிணைத்துவரும் பசுமை நடை இதை மாற்றிக் காட்டியது. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு நூறு பேர் ஒரு குன்றுக்குப் போய்வந்தால், அந்தக் குன்றை ஜல்லியாக்குவது கொஞ்சம் கடினமாகிறது. நடக்க ஆளில்லாத குன்று எப்போது காணாமல் போனது என்று யாருக்கும் தெரியாது. செஞ்சிப் பக்கத்துக் குன்றுகளெல்லாம் உருண்டைப் பாறைகளை அள்ளிக் கொட்டியதுபோல் இருக்கும். கிரஷர்காரர் கண்ணில் அவை பாறைகளே அல்ல, லோடு.

வளைவும் சிலையும் கலர் லைட்டும் ‘ஹெரிடேஜ் வாக்’ பலகையும் வேண்டவே வேண்டாம். பாதை பிரிகிற இடங்களில் குழி வெட்டிய கல், வெயிலுக்குப் புளியமரம், பத்து கிலோமீட்டருக்கு ஒரு கழிப்பறை (பெண்கள் நடக்காததற்குப் பக்தி குறைவு காரணம் இல்லை), சாலையை ஒட்டித்தான் போயாக வேண்டிய இடங்களில் வெள்ளைக்கோட்டுக்கு வெளியே இரண்டு மீட்டர் மண்பாதை. வெறுங்காலுக்கு மண்தான் நல்லது, சிமென்ட் கல் பதிக்காதீர்கள்.

வருகிற கார்த்திகைக்கு முன்னால் ஒரு நாள், செஞ்சி பஸ் ஸ்டாண்டிலிருந்து விடிகாலையில் கிளம்பி மேற்கே நடந்து பாருங்கள். ஊர் தாண்டியதும் சாலை ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே கோட்டையைப் பிளந்துகொண்டு போகும். ஆலம்பூண்டி வரை போதும், முடிந்தால் கீழ்பென்னாத்தூர். எந்தச் சிறுபாலத்தில் ஒதுங்க இடமில்லை, எந்த வளைவில் லாரி தெரிவதில்லை, எங்கே தண்ணீர் கிடைக்கிறது என்று கிலோமீட்டர் கல் எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி விழுப்புரம் கலெக்டருக்கு, ஒரு பிரதி திருவண்ணாமலை கலெக்டருக்கு. இரண்டு ஊரிலும் திங்கட்கிழமைதான் மனு வாங்குகிறார்கள்.