ஒரு கையில் சாவி, ஒரு கையில் காசு

போன மாசம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, அப்பாவின் அப்பாச்சி பைக்கை விற்பது பற்றித்தான். தங்கைக்கு ஹாஸ்டல் பணம் கட்டியாக வேண்டும். 2017 மாடல், டிஎன்-70 நம்பர், ஓசூரிலேயே செய்த வண்டி (டிவிஎஸ் இருக்கும் ஊரில் வேறு கம்பெனி வண்டி வாங்கினால் அப்பா வீட்டுக்குள் விடமாட்டார்). இணையத்தில் 52 ஆயிரம் என்று விளம்பரம் போட்டேன். உள்ளூரில் யாரும் 40-ஐத் தாண்டவில்லை. கூடத் தருகிறேன் என்று வந்த மூன்று பேருமே வெளியூர். அந்த மூன்று பேர் கதைதான் இந்தப் பதிவு.

முதல் ஆள் இந்தியில் பேசினார். ராணுவத்தில் இருக்கிறாராம், நேரில் வர லீவு கிடைக்காதாம், பேரமே பேசவில்லை. "ஒரு கியூஆர் அனுப்பறேன், ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்துடும்" என்றார். அப்பாவும் ஸ்கேன் செய்துவிட்டார். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "டேய், பின் நம்பர் கேக்குதுடா, போடட்டா?" என்ற குரல் கேட்டு எச்சில் கையோடு ஓடினேன். பணம் வாங்குவதற்கு யுபிஐ-யில் பின் நம்பர் தேவையே இல்லை. பின் கேட்டால் காசு போகப்போகிறது என்று அர்த்தம், வேறு அர்த்தம் கிடையாது. தனி ஆளிடம் 'பணம் கொடு' என்று யுபிஐ-யில் கோரிக்கை அனுப்பும் வசதியை 2025 அக்டோபரோடு நிறுத்தினார்கள். கியூஆர் தந்திரம் அதோடு ஒழியவில்லை. ராணுவ வீரர் வேஷம் நாடு முழுக்கப் பழசாகிப்போன வித்தை என்பதும் அன்றைக்கு ராத்திரி தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நமக்குப் பட்டால்தானே புரியும் :-)

இரண்டாவது ஆள் ஹூப்ளி. நல்ல மனுஷன் மாதிரிதான் பேசினார். "முழுப் பணமும் இன்னைக்கே போடறேன், வண்டியை லாரி பார்சல்ல ஏத்திடுங்க. ஆனா பணம் என் ஃப்ரெண்டு அக்கவுண்ட்ல இருந்து வரும்." அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பணம் முன்னாடியே வந்துவிட்டால் நமக்கென்ன பயம் என்றார்.

நான் வேண்டாம் என்றதற்குக் காரணம் எங்கள் தெரு செல்போன் கடை அண்ணன். யாரோ ஒருவர் போன் வாங்கிக்கொண்டு யுபிஐ-யில் பணம் போட்டார். நிஜமான பணம், கணக்கில் ஏறியும் விட்டது. ஆனால் அது வேறு மாநிலத்தில் யாரோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம். ஏமாந்தவர் 1930-க்குப் போன் செய்து புகார் கொடுக்க, அந்தப் பணம் எந்தெந்தக் கணக்கு வழியாகப் போனதோ அதையெல்லாம் வரிசையாகப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அண்ணன் கணக்கும் மாட்டியது. அவர் திருடவில்லை, ஆனால் கடை வாடகை கொடுக்கக்கூட காசு எடுக்க முடியாமல் மூன்று மாசம் அலைந்தார். போலி ஸ்கிரீன்ஷாட்டைக் கண்டுபிடிப்பது சுலபம், நம் பேங்க் பேலன்ஸைப் பார்த்தால் போச்சு. நிஜப் பணமாக வரும் திருட்டுப் பணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதனால் வாங்குகிற ஆளின் சொந்தக் கணக்கிலிருந்து, ஆதாரில் இருக்கும் அதே பேரில் வராத பணம் வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பா ஒரு நாள் என்னோடு பேசவில்லை.

என் சக பி.காம் மக்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வணிகச் சட்டம் பேப்பரில் 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தை அஞ்சு மார்க்குக்கு மனப்பாடம் செய்தோமே, அதில் பிரிவு 32 ஞாபகம் இருக்கிறதா? வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பொருளைக் கொடுப்பதும் விலையைக் கொடுப்பதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டியவை. விலை முழுசாக வராதவரை பொருளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை பிரிவு 47-இல் இருக்கிறது. வாங்கியவர் சட்டப்படி பொருளைக் கையில் எடுத்துப்போன பிறகு அந்த உரிமை போய்விடும். செக் கொடுத்து அது திரும்பினாலும் நாம் 'பணம் கிடைக்காத விற்பனையாளர்'தான், ஆனால் அதற்குள் வண்டி ஹூப்ளி போயிருக்கும். கேஸ் போடலாம், 1881-ஆம் வருடச் சட்டத்தில் பிரிவு 138 இருக்கிறது. 52 ஆயிரத்துக்காக எத்தனை வருஷம் கோர்ட் ஏறுவது?

கேஷா, யுபிஐ-யா, டிடி-யா என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அது இரண்டாவது கேள்வி என்பேன். காசும் சாவியும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் கை மாறுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. நேரில் வர முடியாதவருக்கு விற்கவே கூடாது, அவர் பத்தாயிரம் கூடக் கொடுத்தாலும்.

மூன்றாவது ஆள் எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர், தமிழர்தான். நாற்பது கிலோமீட்டருக்கும் உள்ளே. ஆனால் நடுவில் அத்திப்பள்ளி இருக்கிறதே! சேலத்துக்காரருக்கு விற்பதை விட இவருக்கு விற்பது கஷ்டம், ஏனென்றால் வேறு மாநிலம். படிவம் 28 போட்டு ஆர்டிஓ-விடம் என்ஓசி வாங்க வேண்டும். வாங்குகிறவர் அங்கே மறுபடி வரி கட்டி கேஏ நம்பர் எடுக்க வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து பேரை மாற்றாமல் டிஎன்-70 நம்பரிலேயே வருஷக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு.

அதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. 2007-இல் விற்று, பல கை மாறிய ஒரு கார், 2009-இல் விபத்து செய்கிறது. ஆர்சி-யில் இன்னமும் முதல் ஆள் பேர். பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், நஷ்டஈடு அவர் பொறுப்பு என்று முடித்துவிட்டார்கள். ஆக, காசு முழுசாக வந்த பிறகும் வண்டி நம்மை விட்டுப் போகவில்லை. விற்றவரும் தகவல் கொடுக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 50 சொல்கிறது: அதே மாநிலம் என்றால் 14 நாள், வெளி மாநிலம் என்றால் 45 நாள்.

எனவே அவரிடம் சொன்னேன், "அண்ணா, ரெண்டாயிரம் டோக்கன் போடுங்க, ரசீது எழுதித் தர்றேன். என்ஓசி கைக்கு வந்த அன்னைக்கு வாங்க, மீதியை பேங்க்லயே வெச்சு முடிச்சுக்கலாம்." அவர் சிரித்தார். "தம்பி, 52 ஆயிரம் வண்டிக்கு இவ்ளோ சட்டமா?" என்றார். விலையையும் 47-க்கு இறக்கிவிட்டார். அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை, டோக்கன் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது அவருக்கு ரிஸ்க். 2019-இல் அடைத்த லோனின் பைனான்ஸ் பேர் ஆர்சி-யில் அப்படியே இருந்ததை எடுக்கவே தனியாகச் சில நாள் ஓடியது. மூன்று வாரம் பொறுத்தார். ஒரு புதன்கிழமை ஓசூருக்கு வந்தார், அப்பா ஒரு ஷிப்ட் லீவு போட்டார். பேங்க்கிலேயே உட்கார்ந்து அவர் கணக்கிலிருந்து 45 ஆயிரம் அனுப்பினார். எஸ்எம்எஸ்-ஐ நம்பாமல் கவுண்டரில் பாஸ்புக் பதிந்து பார்த்தோம். பிறகு படிவம் 29, 30 கையெழுத்து, தேதியும் மணியும் போட்ட டெலிவரி ரசீது, கடைசியில் இரண்டு சாவியும்.

வண்டி ஜூஜூவாடி பக்கம் போய் மறைகிறவரை அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். நான் தினமும் பரிவாகன் ஆப்பில் நம்பரைப் போட்டுப் பார்க்கிறேன். நேற்று வரை அப்பா பேர்தான் இருக்கிறது. நாளைக்கு அவருக்கு இன்னொரு போன் போட வேண்டும்.