முரசு மட்டும் போதாது!

தோழர்களே,

திட்டமிடுதலை வெறுப்போர் சிலர். அதனை வணங்குவோர் சிலர். நாம் இவ்விரு சாராரிலும் சேர்ந்தவர்கள் அல்லர். திட்டம் வேண்டும் என்பது நமது கோரிக்கை. யாரைக் கேட்டுத் தீட்டினீர்கள் என்பது நமது வினா. விசைத்தறிகளின் ஓசையிலே விடிந்து, அவ்வோசையிலேயே உறங்கும் சோமனூரில் நின்று அந்த வினாவை எழுப்புவோம்.

1950 மார்ச் 15 அன்று டில்லி அமைச்சரவையின் தீர்மானத்தால் திட்டக்குழு பிறந்தது. மக்களின் ஒத்துழைப்பின்றித் திட்டம் வெல்லாது என்று அதனை அமைத்தோர் கூறினர். மெய்தான். ஆனால், ஒத்துழைப்புக்கு அவர்கள் கண்ட பொருள் யாது? 1952-இல் பாரத சேவக் சமாஜத்தை அமைத்தனர். 1953-இல் ஐந்தாண்டுத் திட்டத்தை விளம்பரப்படுத்தவென்றே ஓர் அமைப்பை நிறுவினர். மறு ஆண்டு, பாட்டாலும் கூத்தாலும் திட்டத்தைப் பரப்பத் தனிப்பிரிவு கண்டனர். 1956-இல் சாதுக்களையும் திரட்டினர்! பாரத் சாது சமாஜத்துக்குத் திட்ட அமைச்சர் குல்சாரிலால் நந்தாவே துணை நின்றார். அணைக்கட்டும் எஃகு ஆலையும் அறிவியலின் பேறுகள். அவற்றின் புகழ் பாடத் துறவிகள்! 1957 குடியரசு நாளன்று 'யோஜனா' இதழ் வந்தது. ஆங்கிலத்தில் வந்தது, இந்தியில் வந்தது. தமிழில் 'திட்டம்' என்ற பெயருடன் அது வருவதற்கு நாம் பின்னும் காத்திருக்க நேர்ந்தது.

எழுத்தறியாதார் மிகுந்திருந்த நாட்டில் படமும் பாட்டும் தேவைதான். அதனை நாம் மறுக்கவில்லை. அரசின் முரசு ஊருக்கு வந்தது. ஊரின் முறையீடு டில்லிக்குச் செல்ல வழி இல்லை. அதுதான் குறை!

நெசவையே சான்றாகக் கொள்வோம். கைத்தறிகளைப் படிப்படியாக விசைத்தறிகளாக மாற்றுக என்றது 1954-இன் கனுங்கோ குழு. கைத்தறியாளரின் பிழைப்பைக் காக்க விசைத்தறிப் பெருக்கத்துக்கு அணை போடுக என்றது 1955-இன் கார்வே குழு. ஏடுகளில் வாதம் நடந்துகொண்டிருந்தது; அனுமதி பெறாத விசைத்தறிகளோ நாட்டில் பெருகிக்கொண்டே இருந்தன. அவற்றை ஆராய அசோக் மேத்தா தலைமையில் ஒரு குழு அமர்ந்து, 1964-இல் அறிக்கை தந்தது. தறி முன்னே சென்றது. திட்டம் பின்னே வந்தது!

இன்றைய சோமனூரைக் காணுங்கள். தறிக்கு உடையவர் என்று பெயர். ஆனால் பாவு நூல் ஜவுளி உற்பத்தியாளருடையது, நெய்த துணியும் அவருடையது. இவருக்கு உரியது கூலி மட்டுமே. மின்கட்டணமும் உதிரிபாகச் செலவும் தொழிலாளியின் ஊதியமும் அந்தக் கூலிக்குள் அடங்க வேண்டும். 2021-இல் பேசி முடித்த கூலி உயர்வு கைக்கு வரவில்லை. 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் மீண்டும் நின்றன. கருமத்தம்பட்டியில் உண்ணாநிலை இருந்த பின்னரே, ஏப்ரலில், சோமனூர் ரகத்துக்கு 15 விழுக்காடு உயர்வு என்று முடிவாயிற்று. கேட்கும் செவி இருந்திருந்தால், ஒரு மாதம் அடுப்பு அணைந்திருக்க வேண்டுமா?

பழைய திட்டக்குழு மறைந்து, 2015 சனவரி முதல் நாள் நிதி ஆயோக் வந்தது. முரசு போய்த் தரவரிசை வந்தது. எந்த மாநிலம் முதலிடம், எந்த மாவட்டம் முன்னேற்றம் என்று அட்டவணைகள் பேசுகின்றன. மீட்டருக்கு இத்தனை பைசா என்னும் நெசவுக்கூலிக்கு அங்கே இடம் ஏது?

வேறு வழி உண்டா என்போர் வாளையாற்றைக் கடந்து பார்க்கட்டும். 1996 ஆகஸ்டில் கேரளத் திட்டக் குழுமம் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என்று முதலில் அறிவித்தது. பிறகுதான் கிராம சபைகளைக் கூட்டி, உங்கள் ஊருக்கு என்ன தேவை என்று கேட்டது. ஊர்தோறும் வளர்ச்சி அறிக்கை மக்களின் மொழியிலேயே எழுந்தது. குறைகள் அங்கும் உண்டு. எனினும், பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டதால், கேள்விக்கு மதிப்பு இருந்தது.

தமிழ்நாட்டுக்கும் 1971 முதல் மாநிலத் திட்டக்குழு உண்டு. பெண்களின் கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தைப் பற்றி அப்பெண்களிடமே கேட்டு, மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று அது கண்டுரைத்தது. பேருந்தில் ஏறிக் கேட்க முடிந்தவர்களால் தறிக்கூடத்தில் நுழைந்து கேட்க முடியாதா?

நாம் வேண்டுவன மூன்று. கூலி, மின்கட்டணம், நூல்விலை குறித்துத் திட்டக்குழு சோமனூரிலேயே பொது விசாரணை நடத்தட்டும். கேட்டவற்றைத் தமிழில் அச்சிட்டு ஊரில் வைக்கட்டும். ஏற்காத கோரிக்கைக்கு ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் விடை தரட்டும்.

தோழர்களே, அவர்கள் வரும்வரை கைகட்டி நிற்பதும் நமக்கு அழகன்று. கிளைதோறும் இருவர் புறப்படுங்கள். தறிக்கூடம் தோறும் தறி எத்தனை, கூலி எவ்வளவு, மின்கட்டணம் எவ்வளவு, கடன் எவ்வளவு என்று கணக்கெடுங்கள். அந்த ஏட்டோடு சென்று கதவைத் தட்டுங்கள். முழக்கத்தைக் கேளாதது போல் இருந்துவிடலாம். கணக்கைக் கேட்டவர் விடை சொல்லியே தீர வேண்டும்!