ராத்திரி 2 மணிக்கு ஆற்றில் இறங்குவது யார்?

எண்ணூர் மீனவர்கள் 2023 டிசம்பரை மறக்க மாட்டார்கள். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலை ஆற்றில் எண்ணெய் வந்தது. படகு, வலை எல்லாம் கறுப்பு. வாளியும் மக்கும் வைத்துக் கையால் அள்ளினார்கள்.

கொலை நடந்தால் போலீசார் கைரேகை எடுக்கிறார்கள். ஆற்றில் கழிவைக் கொட்டினால்? தடயமே தண்ணீரோடு ஓடிவிடும்! புகார் போய், அதிகாரி பாட்டிலோடு வந்து சேர்வதற்குள் ஓதம் இரண்டு தடவை ஏறி இறங்கிவிடும். அப்புறம் எடுத்த தண்ணீர் யாரைக் காட்டிக் கொடுக்கும்?

தடயம் பிடிக்க வழி இருக்கிறது. அமெரிக்காவில் மியாமி நகரில் உள்ள அரசுக் கடல் ஆராய்ச்சிக்கூடத்தினர், பவளப்பாறை ஆராய்ச்சிக்காக ஒரு சின்னக் கருவி செய்தார்கள். பாட்டரி, பம்ப், கடிகாரம், பை. அவ்வளவுதான். குறித்த நேரம் வந்ததும் தானே தண்ணீரை உறிஞ்சிப் பையில் வைத்துக்கொள்ளும். செலவு சில நூறு டாலர். செய்முறையை ஒளிக்கவில்லை, யாரும் பார்த்துச் செய்யலாம்.

"மேலே மிதக்கிற எண்ணெயை அடியில் கிடக்கும் கருவி பிடிக்குமா?" என்று கேட்பார்கள். பிடிக்காது, வாஸ்தவம். ஆனால் அந்த நேரத்தில் கரைந்து வருகிற கழிவு அதன் பையில் இருக்கும். பையை உடனே எடுத்துச் சோதிக்க ஆளும் வேணும்.

ராத்திரி 2 மணிக்கு ஆற்றில் இறங்க எந்த அதிகாரியும் வரமாட்டார். கருவிக்குத் தூக்கம் கிடையாது. எண்ணூரில் பத்து இடத்தில் போட்டுப் பார்க்கட்டும். இருட்டில் திறக்கிற குழாய்கள் தானாக மூடிக்கொள்ளும்!