வயதைப் பார்த்து இடிக்காதீர்கள்

சென்னையில் 30, 40 ஆண்டுகள் கடந்த அடுக்குமாடிக் குடியிருப்பு என்றாலே இன்று ஒரே பேச்சுதான்: இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாம். மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் ஒப்பினால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம் என்று 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடி உரிமைச் சட்டம் வழி திறந்தபின் இந்தப் பேச்சு வலுத்திருக்கிறது. சட்டத்தில் பிழையில்லை. பழைய கட்டடம் ஆபத்து, வெக்கை, பழுதுபார்ப்பது வீண்செலவு என்று சொல்லி எல்லாவற்றுக்கும் ஒன்றுபோல நாள் குறிப்பதுதான் தவறு.

ஆபத்துக்குச் சான்றாக 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் நடந்ததைக் காட்டுவார்கள். அரசு வாரியக் குடியிருப்பில் 24 வீடுகள் கொண்ட பகுதி சரிந்தது. குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. ஆனால் அந்தக் கட்டடத்துக்கு 30 வயதுகூட ஆகவில்லை. 1959இல் திறக்கப்பட்டு, 1975இல் பெருந்தீயையும் கண்ட அண்ணா சாலை எல்ஐசி கட்டடமோ இன்றும் இயங்குகிறது. உப்புக்காற்றும் ஈரமும் புகுந்து கம்பி துருப்பிடித்தால், துரு பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இடிக்காமலே சோதித்து அறியக் கருவிகள் உண்டு. தூணும் அடித்தளமும் கெட்டுப்போயிருந்தால் இடிப்பதே நியாயம். தளத்தின் அடிப்பூச்சு பெயர்ந்ததை மட்டும் காட்டி முழுக் கட்டடத்தையும் இடிப்பது நியாயமில்லை.

வெக்கை உண்மை. அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். 13 பாகை அட்சரேகையில் இருக்கும் சென்னையில் கோடை நண்பகல் வெயில் ஏறத்தாழ நேராக மொட்டைமாடியில் இறங்குகிறது. மேல்மாடி வீடு இரவிலும் தகிப்பது அதனால்தான். வெடித்துப்போன செங்கல்ஜல்லி சுண்ணாம்புத் தளத்தைப் புதுப்பித்து, வெள்ளை ஓடு பதித்தோ வெப்பத்தைத் திருப்பும் பூச்சு அடித்தோ, மேற்குச் சன்னல்களுக்கு வெளியே நிழல் தந்தால் ஏசியின் சுமை குறையும். 75 வாட் மின்விசிறி இருந்த இடத்தில் 30 வாட் அளவில் ஓடும் பிஎல்டிசி விசிறியை மாட்ட எந்தச் சுவரையும் இடிக்க வேண்டியதில்லை. புதுக் கட்டடமோ முதல் விளக்கு எரியுமுன்பே பெரும் கடனோடு பிறக்கிறது. உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7, 8 விழுக்காடு சிமெண்டிலிருந்து வருவது. அந்தச் சிமெண்டும் கம்பியும் பெருமளவு அடங்கியிருப்பது நாம் இடிக்கத் துடிக்கும் தூண்களிலும் தளங்களிலும்தான். நியூயார்க்கில் 1931இல் திறந்த எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் ஆற்றல் செலவை 38 விழுக்காடு குறைக்கத் திட்டமிட்டபோது, 6,514 சன்னல்களின் கண்ணாடியையும் தூக்கி எறியாமல், கட்டடத்துக்குள்ளேயே பட்டறை போட்டு மேம்படுத்தினார்கள்.

ஆட்களை வெளியேற்றாமல் வேலை நடக்காது என்பதும் சரியில்லை. பிரான்சின் போர்தோ நகரில் 1960களின் 530 வீடுகளை லகாத்தோன், வசால் உள்ளிட்ட கட்டடக் கலைஞர்கள், குடும்பங்கள் அங்கேயே வசிக்க, 2017 வாக்கில் மேம்படுத்தி முடித்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னே 3.8 மீட்டர் ஆழத்தில் புதிய முன்கூடம் சேர்ந்தது. குளிர்நாட்டு வடிவம் நமக்கு அப்படியே பொருந்தாது. வேலை செய்த முறை பொருந்தும். யாரையும் வெளியேற்றாமல் செய்யும் வேலைகள் இங்கேயும் உண்டு. 2015 சென்னை வெள்ளத்தில் தரைத்தள மீட்டர் பலகைகளும் மோட்டார்களும் மூழ்கி, நீர் வடிந்த பிறகும் பல வீடுகள் இருளில் கிடந்தன. அவற்றை உயரத்தில் ஏற்றி வைப்பது ஒரு சங்கத்தின் கைக்கு எட்டிய வேலை.

மிக வலுவான எதிர்வாதம் பணம். கூடுதல் தளப்பரப்பை விற்றுக் கட்டுநர் புது வீட்டை இலவசமாகத் தருகிறார். பழுதுபார்ப்புக்கோ நம் கைப்பணம் போகிறது. உண்மைதான். ஆனால் அந்த இலவசத்துக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள்: வாக்கில்லாமல் வெளியேறும் வாடகைக் குடும்பங்கள், கூடுதல் வீடுகளின் கழிவைச் சுமக்கும் அதே பழைய சாக்கடை, அதே குடிநீர்க் குழாய். ஆகவே வாக்கெடுப்புக்கு முன், கட்டுநருக்குத் தொடர்பில்லாத பொறியாளரின் உறுதிச் சோதனையும், மேம்படுத்தினால் ஆகும் செலவுக் கணக்கும் உரிமையாளர் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். வீடு வாங்கக் கடன் தரும் வங்கிகள், குடியிருப்போர் சங்கங்களுக்கும் குறைந்த வட்டியில் மேம்பாட்டுக் கடன் தர அரசு வழிசெய்ய வேண்டும்.